அவள் திரும்பிப்

பிறைக் கிளை நூலகத்தில்
சமையலுக்கும் சட்டத்துக்கும் நடுவே
ஒன்றரை அலமாரி தமிழ்.
மீதி அரையில் ஏர்கோன் சொட்டும்,
வாளி வைத்திருக்கிறோம்.
ஊர்ப் பெயரே பிறை;
முழுசாக எதையும் எதிர்பார்த்து
யாரும் இங்கே வருவதில்லை.

மூன்று வருடம் ஆள் தொடாத புத்தகம்
கழிவுப் பட்டியலில் ஏற வேண்டும்.
புவான் ரொசியா நல்லவர்.
பட்டியலை என்னிடம் நீட்டும்போது
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
துடைக்க ஒன்றுமில்லாத கண்ணாடி.
நாற்பத்தொரு புத்தகம்.
ஜூன் கடைசி வெள்ளிக்கிழமை லோரி.

நான் யாரிடமும் சொல்லவில்லை.
சனிக்கிழமைக் கதை நேரம்.
பிள்ளைகள் உள்ளே
காகித முதலைக்குப் பல் ஒட்டிக்கொண்டிருக்க,
வெளியே செருப்புகளுக்குக் காவலாய்
அம்மாக்கள் உட்காரும் பெஞ்சில்
பட்டியலை மறந்து வைத்தேன்.

பத்தே நிமிடம். கோமளவல்லி வந்தாள்.
இரவு ஷிப்ட் முடிந்து
பாக்டரி அட்டை இன்னும் கழுத்தில்.
"ஒரு ஆளுக்கு எத்தனை?"
"எட்டு."
"எட்டு கொடு."
"எது வேணும்?"
"எது சாகப்போகுதோ அது."

பிறகு வந்தவர் அஞ்சப்பன்,
எதிர்க் கிடங்கின் காவலாளி:
ரேடியோ பழுதுபார்க்கும் கையேடு.
காய்கறி வேன்காரர் ஆ பெங்,
தமிழில் ஓர் எழுத்து தெரியாது,
பேச்சு மட்டும் எங்களைவிடச் சுத்தம்:
தென்னையைத் தாக்கும் வண்டுகள், படத்துக்காக.
யுவனேஷ், கணினித் திரையை உயர்த்த
ஆகத் தடித்தது எதுவோ அது.
முத்திரை குத்திக் குத்தி
வலது மணிக்கட்டு வீங்கி
தைலம் தேய்த்தேன்.

லோரி வந்தது.
மூன்று கால் நாற்காலிகளையும்
செத்த ஃபோட்டோஸ்டாட் இயந்திரத்தையும்
ஏற்றிக்கொண்டு போனது.

இதோடு முடிந்திருக்கும்,
புத்தகங்கள் திரும்பி வராமல் இருந்திருந்தால்.

ஒன்றில் நாலு நம்பர் சீட்டு.
ஒன்றில் மீன் குழம்பு.
ரேடியோ கையேட்டின் ஐம்பத்தாறாம் பக்கத்தில் பென்சில்:
"இந்தப் படம் தப்பு. கம்பி இடது பக்கம். செஞ்சு பார்த்தாச்சு."
பாதிக்குமேல் பிரிக்கவே இல்லை, எனக்குத் தெரியும்.
தாமதத்துக்கு அபராதம் உண்டு,
படிக்காததற்கு இல்லை.

அந்தத் தடித்த நாவல்
ஆறு வாரம் திரைக்கடியில் கிடந்தது.
கடைசிப் பக்கங்கள் என்றைக்கோ கிழிந்துபோனவை.
சரசு என்பவள் பெட்டியோடு
படகுத்துறையில் நிற்கிறாள்.
"அவள் திரும்பிப்"
அவ்வளவுதான், அதற்கப்புறம் அட்டை.

அட்டைக்கு முன்னால்
பள்ளிக்கூட நோட்டுத் தாள் நாலு.
யுவனேஷின் உருண்டைக் கையெழுத்தில்
சரசு திரும்பிப் போய்விட்டாள்,
வீட்டில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.
கரண்ட் போன ராத்திரியில் படித்தானா, கேட்கவில்லை.

அடுத்த மாதம்
ஓவர்டைம் சீட்டின் பின்பக்கத்தில் கோமளவல்லி:
"வீட்டுக்காவது, போறதாவது.
அவள் ஃபெரி ஏறியாச்சு."

அதற்கும் கீழே பெயர் போடாமல் யாரோ:
"பெட்டியில் என்ன இருந்தது என்று
ஒருத்தருமே கேட்கவில்லையே?"

சேதமடைந்த நூல் என்று பதிய வேண்டும்.
நான் பசை வாங்கினேன்,
மூன்று வெள்ளி எண்பது காசு, சொந்தப் பணம்.
ஒட்டும்போது புவான் ரொசியா பார்த்துவிட்டார்.
கதையை மலாயில் சொன்னேன்.
தேநீர் ஆறும்வரை யோசித்துவிட்டுச் சொன்னார்:
"திரும்பிப் பார்த்திருப்பாள்.
போகிறவர்கள் ஒரு தடவை பார்ப்பார்கள்."
அதையும் எழுதிச் சேர்த்தேன்.

இப்போது புத்தகம் என்னிடம்.
நாளுக்கு இருபது காசு,
பதினொரு நாள் ஆயிற்று,
என் பெயரிலேயே எழுதிக்கொள்கிறேன்.
கடற்பக்கம் சங்கு ஊதுகிறது.
வெள்ளைத் தாள். சரசு நின்றுகொண்டே இருக்கிறாள்.
பெட்டியைக் கீழே வைக்கவாவது
சொல்லலாம் என்று
பேனாவை எடுக்கிறேன்.