பின் பிடுங்குகிறவன்

மாதக் கடைசியில் எனக்கு
ஒரு மாதத்தைக் கழற்றும் வேலை.
ஏணி, தட்டை மூக்குக் குறடு,
பின்களைப் போட ஒரு காபி டின்.
நூலக வாசலின் நீளப் பலகையில்
'விழிப்புணர்வு மாதம்' என்ற எழுத்துகள்
பிளாஸ்டிக் உறை போட்டவை, ஆண்டு முழுக்க அசையா.
முன்னால் நிற்கும் சொல்தான்
வாடகைக்கு வந்து வந்து போகும்.

பல், பெருங்கடல், கவிதை, சைக்கிள் தலைக்கவசம்.
ஒரு பிப்ரவரியில் பல்லுக்கும் இதயத்துக்கும்
ஒரே பலகை என்றாகிவிட்டது.
சிவப்புத் தாள் தீர்ந்துபோய்
பாதி இதயம் ஆரஞ்சில் இருந்தது.
யாரும் எதுவும் சொல்லவில்லை.

மௌன நிமிடங்களுக்கும் நான்தான் பொறுப்பு.
ஒலிபெருக்கியில் தலைமையாசிரியை
தொண்டையைச் செருமியதும்
கொதிகலன் அறையில் காற்றூதியை நிறுத்துவேன்.
அறுபது விநாடி.
இருநூற்றுப் பதினான்கு பிள்ளைகள்
சும்மா இருப்பது குழாய் வழியே கேட்கும்.
படைவீரர் தினத்துக்கு முந்தின நாள்
முப்பத்தெட்டாம் விநாடியில் யாருக்கோ விக்கல்.
மூன்றாம் வகுப்பு என்று நினைக்கிறேன்.
அறை அறையாகச் சிரிப்பு பற்றிக்கொண்டது.
என் அண்ணன் ரெஜிஸ் போருக்குப் போனவன்,
பெட்டியில் வந்தான்.
அந்த விக்கலுக்கு
அவனும் சிரித்திருப்பான்.

எங்களுக்கும் ஒரு நாள் உண்டு, அக்டோபர் இரண்டு,
துப்புரவுப் பணியாளர்களுக்கு.
வட மெய்னில் அப்போது பள்ளி பூட்டியிருக்கும்:
உருளைக்கிழங்கு அறுவடை.
பெரிய பிள்ளைகள் கன்வேயர் பெல்ட்டோரம் நின்று
கல் வேறு கிழங்கு வேறாகப் பிரிப்பார்கள்.
பதினேழு ஆண்டுகள் என் நாளை நான்
தரைக்கு மெழுகு போட்டுக் கொண்டாடினேன்.
போன ஆண்டு மழை பொய்த்தது,
கிழங்கு கோலிக்குண்டு அளவு,
அறுவடை சீக்கிரம் முடிந்து பள்ளி திறந்துவிட்டது.
மாட்டிக்கொண்டேன்.
கதவளவு வாழ்த்து அட்டை, 'எங்கள் திரு. மிஷோவுக்கு.'
அதன்மேல் அரைக் கிலோ ஜிகினாத் தூள்.
படம் பிடித்தார்கள். கைதட்டினார்கள்.
மூன்றரைக்குப் பேருந்துகள் போனதும்
பெருக்க ஆரம்பித்தேன்.
இன்னும் முடியவில்லை.
பூட்டிய அலமாரிக்குள்கூட
எப்படிப் போகிறதோ.

அந்த அக்டோபர் முழுக்க இளஞ்சிவப்பு ரிப்பன்கள்.
குடிநீர்க் குழாயில், கொடிக்கம்பத்தில்,
உணவுக்கூடத்து அம்மாக்களின் தொப்பியில்.
நவம்பர் முதல் தேதி, காலை ஆறரை.
பலகையில் பாதி காலி.
ஏணிக்குக் கீழே ஓடில் சிர், நாலாம் வகுப்பு.
மர ஆலைக்குப் போகிற வழியில்
அவள் அப்பா இருட்டோடு இறக்கிவிட்டுப் போவார்.
மே மாதம் வரை நீலக் கார் ஒன்று வரும்,
எட்டு மணிக்கு.

டின்னில் பின் விழும் சத்தத்தை
எண்ணிக்கொண்டு நின்றாள்.
"எல்லாத்தையுமா?"
"இன்னைக்கு வேற மாசம் பொறந்தாச்சே."
"மாசம் எனக்குத் தெரியும்" என்றாள்.
புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டாள்.

தீயணைப்புக் குடுவைப் பெட்டிக்கு இடப்பக்கம்
கதவு திறந்தால் மறைகிற இடத்தில்
ஒன்றை விட்டேன்.
அவளிடம் சொல்லவில்லை.
டிசம்பரில் பார்த்தபோது அதன் ஒரு நுனி
விரல் பட்டுப் பட்டுக் கறுத்திருந்தது.
ஈரத்துணியோடு போனவன்
குடுவைப் பெட்டியைத் துடைத்துவிட்டுத் திரும்பினேன்.

ஜூலையில் பெயிண்டர்கள் வந்தார்கள்.
நடைபாதை முழுக்கப் புது வெளிர்மஞ்சள்.
குடுவைப் பெட்டியோரம் மட்டும்
உள்ளங்கை அகலத்துக்குப் பழைய சாம்பல்.
மேற்பார்வையாளர் டேகிள்
அட்டையும் பேனாவுமாக வந்து குனிந்தார்.
"இது விட்டுப்போச்சே?"
"அங்க வேலை இன்னும் முடியல."
"யார் வேலை?"
"என்னுது."
எழுதிக்கொண்டு
அடுத்த சுவருக்குப் போனார்.