இருமல் மருந்து

யெர்கோவுக்கு அந்தப் புட்டியை விற்றவள் நான்.
கடை சாத்த ஐந்து நிமிடம் இருந்தது.
மீன்மாவு ஆலையின் நாற்றத்தைத் தோளில் போட்டுக்கொண்டு
கடல்மூட்டம் கதவிடுக்கில் நுழைந்தது,
பின்னாலேயே அவன்.
“பிள்ளைக்கா?” என்றேன்.
“பிள்ளைக்குத்தான்.”
நாலாயிரத்து இருநூறு பேஸோவைச் சில்லறையாக எண்ணி வைத்தான்.
எண்ணி முடித்ததும் இருமினான், ஒருமுறை.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.
ஊருக்கு இதைவிட நிறையத் தெரியும்.

பஸ் ஓட்டும் நிபால்தோ சொல்கிறார்
சிறுநீர்க் குப்பியை மாற்றிவிட்டார்கள் என்று.
எல் ரோப்ளேக்காரர்கள் காவலாளிக்கு
முழுப் பன்றித்தொடை கொடுத்ததை
அவர் மைத்துனரே கண்ணால் பார்த்தாராம்.
எந்தக் காவலாளி?
அது மைத்துனருக்கு மறந்துபோயிற்று.

முடிதிருத்தும் எர்மிந்தா
பதினான்காம் விதியை மனப்பாடம் செய்துவிட்டாள்.
சாந்தியாகோவில் தடைக்கடிதம் எழுதியது வெள்ளி.
எங்கள் கழகத்தின் கைக்கு வந்தது திங்கள்.
இடையில் ஒரு ஞாயிறு.
அந்த ஞாயிற்றில் அவன் ஆடலாமா, கூடாதா?
பாதி வெட்டிய தலையோடு ஒருவர் எழுந்து வாதாடுகிறார்.
மழையே பெய்யாத ஊரில்
பேச்சு மட்டும் விடாமல் பெய்கிறது.

அன்று நானும் இருந்தேன், வடக்கு மேடையில்.
இருபதாம் நிமிடமே கோல் விழுந்துவிட்டது, அரவேனா அடித்தது.
யெர்கோ இறங்கியது எண்பத்தொன்பதில்.
நான்கு நிமிடம்.
பந்தைத் தொட்டது ஒரே தரம், அதுவும் கையால்:
கோட்டுக்கு வெளியே நின்று எறிந்தான்,
நேராக எதிரியின் காலுக்குப் போனது.
அந்த எறிதலைத்தான் இப்போது
மூன்று வக்கீல்கள் எடைபோடுகிறார்கள்.

கழகத்து வக்கீல் என்னிடமும் வந்தார்,
கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியபடி.
“பிள்ளைக்கு என்று சொன்னானா?”
சொன்னான்.
“எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.”
போட்டேன்.
தாளின் அடியில் ஒரு கட்டம்: வேறு ஏதேனும்.
பேனா அங்கே கொஞ்சம் நின்றது.
என் மகன் அந்த அணியின் சட்டையோடுதான் தூங்குகிறான்.
கட்டத்துக்குள் ஒரு கோடு கிழித்தேன்.

தீர்ப்புக்கு முந்தைய நாள் ஓர் ஆட்டம்.
காலையிலிருந்தே கடையில் வரிசை.
துறைமுகத்துச் சுமைக்காரர்கள், பள்ளிப் பையன்கள்,
பாதிரியாரின் சமையல்காரர்.
யாருக்கும் இருமல் இல்லை,
எல்லாருக்கும் அதே மருந்து.
மாலையில் வடக்கு மேடை முழுக்கப் புட்டிகள் உயர்ந்தன.
முரசு இரண்டு தட்டு,
ஐயாயிரம் பேர் ஒன்றாக இருமினார்கள்.
மறுபடி இரண்டு தட்டு.
மறுபடி இருமல்.
நடுவர் ஒருகணம் விசிலை மறந்தார்.
சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் நீர்,
நானும் இருமினேன்.

மேல்படியில் யெர்கோ, தலைமூடிக்குள் முகம்,
மடியில் மகள்.
தாளம் தப்பி ஓர் இருமல் அங்கிருந்து வந்தது.
அவனா, அவளா,
திரும்புவதற்குள் அடங்கிவிட்டது.

மூன்று புள்ளிகள் போயின. அவனுக்கு எட்டு மாதம்.
எர்மிந்தா முப்பத்தோராம் விதியில் இருக்கிறாள், மேல்முறையீடு.
நிபால்தோவின் மைத்துனருக்குக்
காவலாளியின் பெயர் நினைவுக்கு வந்துவிட்டது.

அடுத்த நாள் காலை ஒரு பெண்,
தோளில் கொதிக்கும் குழந்தை.
“ராத்திரி முழுக்க இருமல்” என்றாள்.
அலமாரிப் பக்கம் திரும்பினேன்.
புட்டிகள் இருந்த இடத்தில்
பிசுபிசுத்த வட்டங்கள்.
“புதன்கிழமை லாரி வரும்.”
“எல்லாத்தையும் யார் வாங்கினது?”
கோபமே இல்லாமல் கேட்டாள்.

என் கழுத்தில் அணியின் துருநிறச் சால்வை.
கழற்றத் தோன்றியது.
கை பில் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தது.