வழிமொழிகிறேன்

பொருள் எண் பதினேழு.
முதுநகர் குட்டைக்கரைப் பூங்காவுக்கு
மறைந்த உறுப்பினர் தில்லைகோவிந்தன் பெயர் சூட்டுவது.
முன்மொழிய ஆள் இருந்தது.
வழிமொழிய
எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

பதினோரு ஓட்டில் அவரிடம் தோற்றவன் நான்.
மறு எண்ணிக்கை கேட்டேன்,
பன்னிரண்டு ஆனது.
அடுத்த தடவை பக்கத்து வார்டில் நின்று உள்ளே வந்தேன்.
ஆறு வருஷம் ஒரே டீக்கடையில்
ஆளுக்கொரு பக்கம் முதுகு காட்டிக் குடித்தோம்.

அந்த இடத்தில் பூங்கா கூடாது என்று
மனு எழுதியவனும் நான்தான்.
இருபத்து நாலு கடை, மாடியில் கல்யாண மண்டபம்,
வரைபடம் இன்னும் என் பீரோவில் சுருண்டு கிடக்கிறது.
‘கல்யாணம் வருஷத்தில் நாற்பது நாள்,
மூச்சு தினமும்’ என்றார் மன்றத்தில்.
கை தட்டினார்கள்.
என் கட்சிக்காரர்களும்.

சிப்காட் காற்று திரும்பும் இரவுகளில்
துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு
குட்டைக்கரையில் நின்று எழுதிக்கொள்வார்:
பதினொன்று பத்து, அழுகின முட்டை.
ஒன்று நாற்பது, நெயில் பாலிஷ்.
அந்த நோட்டுகளை யாருக்கு அனுப்பினாரோ.
பதில் வந்ததாகக் கேள்வியில்லை.

நல்லவர் என்று மட்டும் பேசினால்
அவரே எழுந்து ஆட்சேபிப்பார்.
கெட்ட வாய். ஒரு ஜூனியர் இன்ஜினியரை
குழாய் பள்ளத்தின் ஓரத்தில் அழவைத்தார்.
சுற்றுச்சுவருக்காகப் புன்னை ஒன்றை வெட்டினார்,
பதிலுக்கு மூன்று நட்டார்,
ரெண்டு பட்டுப்போனது.
தானே அடித்த இரவில் என் டார்ச்சை வாங்கிப் போனவர்
திருப்பித் தரவேயில்லை.
தெருத் தெருவாக அவர் பேர் வாங்கியது
என் பேட்டரியில்.

பலகைக்குக் கொட்டேஷன் வந்திருக்கிறது.
எழுத்துக்கு இவ்வளவு என்று விலை.
வளைவு பன்னிரண்டு அடிதான், பெயர் அடங்காது.
தி.கோ. பூங்கா என்று சுருக்கலாமா என்றார் ஒருவர்.
கொஞ்சம் சிரிப்பு.
எப்படி எழுதினாலும் ஷேர் ஆட்டோவில்
‘குட்டை பார்க் எறங்கு’ என்றுதான் குரல் வரும்.
சர்க்கரைக்காரர்கள் தலை குனிந்து எட்டு போடுவார்கள்,
பையன்கள் அந்த எட்டைக் குறுக்கே வெட்டி
சைக்கிள் விடுவார்கள்.
வளைவை அண்ணாந்து பார்க்க யாருக்கு நேரம்?

நேற்று சாயங்காலம் அவர் மனைவி
மங்கையர்க்கரசி வீட்டுக்கு வந்தார். முதல் தடவை.
நாற்காலி போட்டும் உட்காரவில்லை.
‘படம் வேணாம், சிலை வேணாம்.
காலையில பத்து மணிக்குப் பூட்டுறாங்க,
நாலு மணிக்குத்தான் தெறக்குறாங்க.
மீன் வித்துட்டு வர்றவங்க வெயில்ல எங்க போவாங்க?
அவரு பேர வச்சிட்டு
பூட்டு மட்டும் போடாதீங்க.’
டார்ச்சைப் பற்றி நான் கேட்கவில்லை.

ஆகவே எழுந்தேன்.
வழிமொழிகிறேன், ஒரு திருத்தத்தோடு, என்றேன்.
பகலில் பூட்டக் கூடாது.
தலைவர் ஆணையரைப் பார்த்தார்,
ஆணையர் கோப்பைப் பார்த்தார்.
பெயர் ஒரு பொருளாம், பூட்டு வேறு பொருளாம்.
பெயர் ஏகமனதாக நிறைவேறியது.
பூட்டு
அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது.

எனக்கு நேர் எதிரே அவர் நாற்காலி.
இந்த மாதிரி இடத்தில்தான்
உள்ளங்கையால் ரெண்டு தடவை மேசையைத் தட்டுவார்.
எத்தனை கூட்டத்தில் எரிச்சல்பட்டிருப்பேன்.

தட்டினேன்.
டம்ளர் சாய்ந்து
பொருள் எண் பதினேழு நனைந்தது.
பதினெட்டு, தெருநாய்கள், என்று
வாசிக்கத் தொடங்கிவிட்டார்கள்.
நான் இன்னும் உட்காரவில்லை.