மூணு டிகிரி

வேதமாணிக்கம் கொண்டுவந்து வைத்தபோது
யூஃபோனியத்துக்கு ஒரு பழைய லுங்கிதான் உறை.
"பொட்டி ஒண்ணு வேணும்மா. படகு மாதிரி.
மேல ஏறி நின்னாலும் ஒண்ணும் ஆவக்கூடாது."
படகில் மேலே ஏறி நிற்க மாட்டார்கள், உள்ளேதான் நிற்பார்கள்
என்றேன். அவர் சிரிக்கவில்லை.

வாயகன்ற பக்கத்தில் நான்கு நசுங்கல்.
கொருக்குப்பேட்டை கேட்டில் ஒன்று,
மூலக்கொத்தளத்தில் பாடைக்குத் தோள் மாற்றும்போது ஒன்று,
மற்ற இரண்டு அவருக்கே நினைவில்லை.

ஒரு வாரம் இங்கேயே இருக்கட்டும் என்றேன்.
"கல்யாணத்துக்கு நாள் குறிப்பாங்கோ.
மத்ததுக்கு யார் குறிக்கிறது?"

ஆக, வாத்தியம் இல்லாமலே
வாத்தியத்துக்குப் பெட்டி.
மூன்று சாவுக்கும் ஒரு காதுகுத்துக்கும் நடுவில்
அவர் வந்துபோன நேரங்களில் அளந்தேன்.
செய்தித்தாளை விரித்து அதைக் கிடத்தி
பென்சிலால் சுற்றி வரும்போதே
போன் அடித்தது.
பாதிக் கோட்டோடு தூக்கிக்கொண்டு ஓடினார்.
மீதியை மறுநாள் வரைந்தேன்.
இரண்டு கோடும் சேரவில்லை.
ஒன்றரை நூல் வித்தியாசம்.
பட்டி வைத்துச் சரிக்கட்டிக்கொள்ளலாம் என்று விட்டேன்.

துறைமுகத்திலிருந்து வந்த பேக்கிங் பெட்டி மரம்.
எந்த நாட்டு எழுத்தோ
இழைத்த பிறகும் லேசாகத் தெரிந்தது.
பிளைவுட்டில் விலா விலாவாக அறுத்து நிறுத்தி,
சுற்றிலும் பட்டியடைத்து,
மேலே பட்டி.
எண்பது, நூற்றிருபது, இருநூற்றிருபது,
கடைசியில் தண்ணீர்த் தாள்.
கண்ணால் பார்த்தால் எல்லாம் வழவழப்புதான்.
மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவினேன்,
இரண்டு இடத்தில் மேடு இருந்தது.

"சாய்வு வெச்சியாக்கா?" என்றான் தேசப்பன்,
ரெசின் டப்பாவைத் திறந்துகொண்டே.
நேர்ச்சுவர் அச்சை விடாது.
மேலே போகப்போக உள்பக்கம் ஒதுங்கணும்,
மூணு டிகிரி போதும்.
வைத்திருக்கிறேன் என்றேன்.
எல்லா இடத்திலும் என்று சொல்லவில்லை.

வேதமாணிக்கம் வந்து பார்த்தார்.
சாம்பல் நிறத்தில் கொழுகொழுவென்று உட்கார்ந்திருந்தது மரம்.
பழக்கதோஷத்தில் மடியில் தூக்கி வைத்து
குறுகிய முனையில் உதட்டை வைத்தார்,
கன்னம் உப்பியது,
விரல்கள் இல்லாத மூன்று வால்வைத் தேடின.
"இதுல நசுங்கலே இல்லியே" என்றார்.
பெட்டிக்கு எதுக்குண்ணா நசுங்கல்?
பதில் சொல்லாமல்
கைக்குட்டையால் மரத்தின் வாயைத் துடைத்து வைத்தார்.

மெழுகு ஐந்து தடவை.
ஜெல்கோட், பாய், ரெசின், மறுபடி பாய்.
கடல்காற்றின் பிசுபிசுப்பும் மணலி வாசமும் சேர்ந்து
அன்று இறுக நேரமெடுத்தது.
ராத்திரி முழுக்க முழங்கை வரை
கண்ணாடி நார் அரிப்பு. தேங்காயெண்ணெய் தடவி, சொரிந்து, தூங்கவில்லை.

காலையில் அச்சு வரவில்லை.
ஆப்பு வைத்தோம். விளிம்பில் தண்ணீர் பாய்ச்சினோம்.
ரப்பர் சுத்தியால் தேசப்பன் சுற்றிச் சுற்றித் தட்டினான்.
எங்கே பிடிக்கிறது என்று
அவன் கேட்பதற்கு முன்பே எனக்குத் தெரியும்:
இரண்டு கோடும் சேராத இடம்.

பதினொரு மணிக்கு
'புப்'பென்று ஒரு சத்தம்.
ஊதத் தெரியாதவன் முதல்முறை ஊதியது போல.
அச்சு வந்துவிட்டது,
கூடவே மரத்திலிருந்து கட்டைவிரல் அளவு பட்டி பெயர்ந்து.
மரத்தில் ஒரு குழி.
அவர் யூஃபோனியத்தின் எந்த நசுங்கலுக்கும் நேராக இல்லை,
நான்கு விரல் தள்ளி.

பெட்டி நீலம். கேட்காமலேயே
படகுக்குப் போடுவது போல மூக்கில் ஒரு நம்பர்
எழுதிவைத்தான் தேசப்பன்.
மர உருவம் பட்டறை மேசைக்கடியில்,
அந்தக் குழியில் அவன் இப்போது பீடி அணைக்கிறான்.

போன செவ்வாய் சாயங்காலம்
எங்கள் தெரு வழியாக ஒரு சவ ஊர்வலம்.
வேதமாணிக்கம் கண்ணை மூடி வாசித்தபடி போனார்.
ரொம்பப் பின்னால், பூ மிதிபட்ட ரோட்டில்,
ஒரு பையன் காலிப் பெட்டியைத் தலையில் வைத்து
இரண்டு கையாலும் தட்டிக்கொண்டே வந்தான்.
தாளம் தப்பு.
பெட்டி நன்றாகத்தான் கேட்டது.