நகப்பூச்சு

மூன்றாவது சர்வீஸுக்கு விடும் முன்
எஞ்சினுக்கு அடியில் படுத்து
ஆயில் இறக்கும் போல்ட்டின் தலையிலிருந்து
பக்கத்து உலோகத்துக்கு ஒரு கோடு இழுத்தேன்.
சிவப்பு நகப்பூச்சு.
யாரோ கல்யாணத்துக்கு வாங்கியது, பாதி மிச்சம்.
என் நகங்கள் பகலெல்லாம்
தோள்வரை நீளும் கையுறைக்குள்.

பெங்களூர் ரோட்டில் கண்ணாடிச் சுவர் வைத்த ஷோரூம்.
"சார் வரலியா மேடம்?"
ஏசி அறை, ஏலக்காய் டீ,
டிவியில் அதே வண்டி
தூசியே இல்லாத மலையில் ஏறிக்கொண்டிருந்தது.
சாயங்காலம் பில் வந்தது, மாதேஸ்வரி என்று பெயர் போட்டு:
ஆயில் மாற்றியது, செயின் சுத்தம், பொதுப் பரிசோதனை,
இதர, நாற்பத்தெட்டு ரூபாய்.
இதர என்றால் என்ன என்றேன்.
"இதரதான் மேடம்."

டேங்க் மின்னியது, பாலிஷ் போட்டிருந்தார்கள்.
ராயக்கோட்டை ரோட்டில்
தக்காளி லாரிக்கு ஒதுங்கி நிறுத்திக்
குனிந்து பார்த்தேன்.
கோடு
முறியாமல் இருந்தது.

பதினோரு வருஷமாகப்
பசுவுக்குள் கை விட்டு, கண்ணை மூடி,
கருப்பையின் கழுத்தை விரலால் கண்டுபிடித்துச்
சினை ஊசி போடுகிறவள் நான்.
கெலமங்கலம் தாண்டி எந்த மாடு கத்தினாலும்
நைட்ரஜன் குடுவையைப் பின்சீட்டில் கட்டிக்கொண்டு
இதில்தான் ஓடுகிறேன். பருவம் காத்திருக்காது.
இதன் வயிற்றை மட்டும் எதற்கு
இன்னொருத்தர் கைக்கு விட்டேன்?

பதினேழாம் நம்பர் ஸ்பேனர், பழைய பேசின், ஒரு லிட்டர் ஆயில்.
சூடான கறுப்பு மணிக்கட்டு வரை வழிந்தது.
என் தொழிலுக்கு இது நல்ல வாசனை.
செயினுக்கு மண்ணெண்ணெயும் டூத்பிரஷ்ஷும்.
ஏர் ஃபில்டரைத் தட்டினால்
பர்கூர்ப் பக்கம் போன நாளெல்லாம்
கிரானைட் மாவாய்க் கொட்டியது.

ஆறு மாதம் கர்வமாக ஓட்டினேன்.
பிறகு ஒரு ஞாயிறு,
கசிந்துவிடக் கூடாதே என்று இன்னும் ஒரு திருகு.
அதற்கு மேலும் ஒன்று.
கைக்கு ஒரு வழுக்கல் தெரிந்தது, மெதுவாக,
முடிச்சு அவிழ்வதுபோல.
மரை போய்விட்டது.
பசுவிடம் இப்படித் தப்பு செய்ததில்லை,
அது உதைக்கும்.
அலுமினியம் பாவம், விட்டுக்கொடுத்துவிடும்.

பழையபேட்டையிலிருந்து சொட்டுப் போட்டபடியே தள்ளிக்கொண்டு
அதே ஷோரூம். இம்முறை பின்வாசல்.
"யாரு இறுக்கினது?" என்றான் நூருல்லா.
"நான்தான்."
சிரிக்கவில்லை. நகப்பூச்சுக் கதையையும் சொன்னேன்.
போல்ட்டை உள்ளங்கையில் உருட்டினான்.
"ஆளுக்குப் பதினாலு வண்டி அக்கா, அஞ்சு மணிக்குள்ள.
எஞ்சின் சூடு ஆறவே அரை மணி வேணும்.
முடியாததும் பில்லுல முடிஞ்சிடும்."
கண்ணாடிப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டான்.

புது மரை வெட்டிக் கம்பிச்சுருள் இறக்கினான்.
இருநூறு, பில் இல்லை.
காசை மடித்துக்கொண்டே கேட்டான்:
"வேப்பனப்பள்ளில எங்க ஜெர்சி, மூணு ஊசி போட்டும் நிக்கலக்கா.
வந்தவரு அஞ்சு நிமிஷத்துல கிளம்பிட்டாரு.
உள்ள என்ன செஞ்சாருன்னு
எங்களுக்கு எப்படித் தெரியும்?"

தீவனம் என்றேன். தாது உப்பு என்றேன்.
வெயில் என்றும் சொன்னதாக ஞாபகம்.

குடுவையிலிருந்து எடுத்த குச்சியை
வெதுவெதுப்பான தண்ணீரில் முப்பது வினாடி
உருக விட வேண்டும்.
பதினாலு மாடு கூப்பிட்ட நாட்களில்
என் முப்பது எவ்வளவு நீளம்?
நோட்டில் எல்லா வரியும் நிரம்பித்தான் இருக்கிறது.
பசுவுக்குள் யாரும்
நகப்பூச்சால் கோடு இழுக்க முடியாது.

மறுநாள் கெலமங்கலம்.
கட்டுத்தறியில் மாடு கத்துகிறது,
பையில் போன் அடிக்கிறது, அடுத்த ஊர்.
வண்டிக்கு அடியில் மண் காய்ந்திருக்கிறது, சொட்டு இல்லை.
டம்ளரில் குச்சி.
வீட்டுக்காரர் என் உதடுகளையே பார்க்கிறார்,
மந்திரம் என்று நினைத்திருப்பார்.

இருபத்தாறு.
இருபத்தேழு.