ஆறாவது குழி

சவரிமுத்துவின் தோட்டத்திலிருந்து
ஐஸ் பெட்டியில் வந்தன நான்கு கட்டுத் தோடை இலைகள்.
கூடவே ஒரு பழம்.
ஒருபக்கம் சூம்பி,
காம்பில் மட்டும் பழுத்து, அடி இன்னும் பச்சையாக.

"உரம் கிடைக்காத வருசத்தின் பசி இது, மிஸ்.
சிங்க் தெளித்தால் தேறிவிடும்"
என்று ஒரு துண்டுச்சீட்டு.

பசியில் மஞ்சளாகும் இலை
நடுநரம்பின் இருபுறமும் ஒரேமாதிரி மஞ்சளாகும்.
இதில் இடப்பக்கத் திட்டுக்கு
வலப்பக்கம் சோடி இல்லை.

இந்தக் கிருமியை வளர்த்துப் பார்க்க வழியில்லை.
என்ன கஞ்சி ஊற்றினாலும்
கண்ணாடித் தட்டில் முளைக்காது.
மரத்துக்குள் சர்க்கரை இறங்கும் பாதையில் மட்டுமே
அதற்குச் சீவியம்.
அதனால் உடலை விட்டுவிட்டு எழுத்தைத் தேடுகிறோம்:
நாலே எழுத்தில் எழுதிய நீண்ட வரியில்
அதற்கு மட்டுமே சொந்தமான ஒரு துண்டு.

நரம்பை நறுக்கி, சின்ன உரலில் அரைத்தேன்.
முப்பத்தைந்து முறை
சூடாகி ஆறிச் சூடானது மெசின்.
இடையில் கரண்ட் போய்
ஜெனரேட்டர் இருமிக்கொண்டு எழுந்தது.

இருட்டறை. ஊதா விளக்கு.
முதல் நான்கு குழிகளின் கீழும் செம்மஞ்சள் கோடு.
எதிர்பார்த்ததுதான்.
ஐந்தாவது, நோயென்று முன்பே தெரிந்த மாதிரி: கோடு.
ஏழாவது, வெறும் தண்ணீர்: இருட்டு.
தண்ணீர் சுத்தம். என் கையும் சுத்தம்.

இடையில் ஆறாவது,
நலமான மரத்துக்கென்று நான் ஒதுக்கிய குழி,
மெலிதாக, ஆனால் அதே உயரத்தில்
எரிந்தது.

அந்த மரம் பண்டாரவளையில்
எங்கள் கந்தோர் வாசலிலேயே நிற்கிறது.
மத்தியானத்தில் நில்மினியும் நானும்
அதன் பழத்தை உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுத் தின்போம்.
கசப்பு அந்த இனத்தின் குணம் என்று
பேசிக்கொள்வோம்.

புது இலை பறித்து மறுநாளும் ஓட்டினேன்.
மூன்றாம் நாளும்.

பிறகுதான் தாய்மரப் பதிவேட்டை இறக்கினேன்.
ஐந்து வருசமாய் அதிலிருந்து வெட்டிய ஒட்டுக் கண்கள்,
யாருக்கு எத்தனை கன்று:
வெலிமடை, ஹப்புத்தளை, பூனாகலை,
தியத்தலாவை சவரிமுத்து பன்னிரண்டு.
மொத்தம் இருநூற்றுப் பதினாறு.
'நோயற்றது' என்ற கட்டத்தில்
வரிக்கு வரி என் கையொப்பம்,
அவசரத்தில் போட்டது, வாலில்லாதது.

அவருக்கு அழைத்தேன்.
நான் வணக்கம் சொல்லி முடிக்கவில்லை,
"சிங்க் எத்தனை கிராம், மிஸ்?" என்றார்.
பக்கத்தில் யாரிடமோ
பேனை கேட்பது கேட்டது.