ஐந்தடி எட்டரை

மருத்துவமனையிலிருந்து கூப்பிட்டவன்
"இஞ்ஞாசி உங்க வீட்டுக்காரர்தானே?" என்றான்.
ஆதாரில் என் முகவரி இருந்ததாம்.
பதினோரு வருடமாக அவர் மாற்றாமல் விட்டது
அது ஒன்றுதான்.

குன்னூர் தேயிலை ஏல அலுவலகத்தில்
கணக்கு எழுதுகிறவள் நான்.
ஒரு மிடறு உறிஞ்சி, துப்பிவிட்டு
விலை சொல்கிற ஆட்களுக்கு நடுவே
இருபத்திரண்டு வருடம்.
பழைய எடைச்சீட்டைத் திருப்பி
மூன்று கட்டம் போட்டேன்.

முதல் கடை,
டயர் கடைக்கும் வர்க்கிக் கடைக்கும் இடையில்.
சில்வர் ஓக் பெட்டி ஆறாயிரத்து ஐந்நூறு.
தேக்கு இருபத்தெட்டு.
கைப்பிடி பித்தளையா, இரும்பா?
"மண்ணுக்குள்ள ரெண்டும் ஒண்ணுதான்" என்று
அவரே சொல்லிவிட்டு
பித்தளையைத்தான் துடைத்துக் காட்டினார்.

அடுத்தது ஊட்டியில். கண்ணாடிக் கதவு.
வெள்ளி, தங்கம், வைரம் என்று
வழவழ அட்டை.
வைரத்தில் வெள்ளைக் கையுறை மாட்டிய நாலு பேர் வருவார்கள்.
தங்கத்தில் இரண்டு பேர்.
மீதி இரண்டு பேரை
நாமே சம்பாதித்து வைத்திருக்க வேண்டும்.
வெள்ளியில் மாலை மட்டும்.

குளிர்பெட்டி நாள் வாடகை இரண்டாயிரத்து எண்ணூறு.
ஜனவரி மாதம்.
காலையில் வெலிங்டன் பள்ளத்தில்
புல்லெல்லாம் வெளுத்துக் கிடந்தது,
வாசல் பக்கெட்டில் ஏடு.
"இந்தக் குளிருக்கா?" என்றேன்.
"இது வேற குளிர், மேடம்" என்றான் பையன்.
கிண்டல் இல்லை. மனப்பாடமும் இல்லை.

பங்குக் கோயிலில் குழிக்கு நாலாயிரம்.
பதினோரு வருடச் சந்தா பாக்கி, தனி.

மேட்டுப்பாளையத்தில் பெட்டி நாலாயிரத்து எண்ணூறுதான்,
மலையேற்ற வண்டி மூவாயிரம்.
கேரட் இறக்கிவிட்டு வெறும் பிக்கப்பில் திரும்புகிற போஜன்
ஆயிரத்து இருநூறுக்கு ஏற்றி வருவதாகச் சொன்னான்.
ஆக ஆறாயிரம்.
மண் ஒட்டிய தார்ப்பாய்க்கு அடியில்
கொண்டை ஊசி வளைவெல்லாம் குலுங்கிக்கொண்டு
ஒரு காலிப் பெட்டி.
மிச்சம் ஐந்நூறு என்று எழுதினேன்.
அடித்தேன்.
திரும்ப எழுதினேன்.

போகும்போது
காஸ் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு போனவனுக்கு
எவ்வளவு செலவழிக்கலாம்?
சீட்டில் அதற்குக் கட்டம் இல்லை.

முதல் கடைக்கே திரும்பி வந்தேன்.
"ஆள் உயரம்?"
"ஐந்தடி எட்டரை."
நான் யோசிக்கவில்லை, வாய் சொல்லிவிட்டது,
கல்யாணக் கோட்டுக்குத் தையல்காரர் கேட்டபோது
சொன்ன அதே வேகத்தில்.
காலை நீட்டித்தான் தூங்குவார் என்பது வரைக்கும்
வந்துவிட்டது.
உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

அவர் நோட்டைப் புரட்டினார்.
"இஞ்ஞாசியா? காலையிலயே
கூடலூர்லருந்து ஒரு அம்மா போன் பண்ணாங்களே.
அவங்க அஞ்சடி ஏழுன்னாங்க."

ஏழு.
ஒன்றரை அங்குலம்.
தேய்ந்திருக்கலாம்.
அவள் பக்கத்தில் குனிந்தே நின்றிருக்கலாம்.
இல்லை, நான்தான் இத்தனை நாளும்
கொஞ்சம் உயர்த்தி வைத்திருந்தேனோ என்னவோ.

"அவங்களுக்கு என்ன விலை சொன்னீங்க?"
"ஆறாயிரம்."
"எனக்கு ஆறு ஐந்நூறா?"
"அவங்க அழுதாங்க, மேடம்."

பிறகு தலையைச் சொறிந்தார்.
"உங்களுக்கும் ஆறே போட்டுக்கறேன்.
அளவுக்காகச் சண்டை வேணாம்.
அஞ்சரைக்கு மேல போனா ஆறடிதான்.
நடுவுல பெட்டி செய்யறதில்ல.
நீங்க சொன்னதும் அவங்க சொன்னதும்
ஒரே பெட்டிதான்."

கூடலூர் நம்பரை வாங்கி
கட்டங்களுக்கு வெளியே குறித்துக்கொண்டேன்.
தவமணி என்று பெயர்.
மூவாயிரம், மூவாயிரம்.

"ரசீது யார் பேருக்கு?"
"அவர் பேருக்கே போடுங்க.
ரெண்டு வேணும்."

மேசை இழுப்பறையில்
ஆணிகளுக்கு நடுவே
கார்பன் தாளைத் தேடிக்கொண்டிருந்தார்.